முறையீடும் ஏடும்
(இலங்கைப் பொலிசின் ஒழுக்காற்று வரலாறு பற்றிய ஒரு நோக்கு)

தமிழ்மக்கள் போற்றும் காப்பியங்களுள் சிலப்பதிகாரத்தின் நடுநாயகமாய் விளங்குவது வழக்குரை காதை. அக்காதையின் பொருள் யாது என ஆராயின், அஃது ஒரு குடிமகளின் முறையீடே என்பது புலனாகும். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட அரசன் தீர விசாரியாது ஆணையிட்டான். காவலர் கோவலனைக் கொன்றனர். அவன் மனைவி சான்றுடன் அரசவை புகுந்து நீதி கேட்டாள். சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டபோது, பாண்டியன் குற்றத்தைத் தன் ஏவலாளர் மேல் ஏற்றித் தப்ப முயன்றானல்லன். தன் குற்றமாகவே ஏற்று உயிர் நீத்தான். காவலர் செய்த பிழைக்குக் கோலேந்தியவனே பொறுப்பாளி என்னும் கோட்பாட்டை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

கிழக்கிலங்கையிலே, திருக்கோவிலை அடுத்த தம்பிலுவில் முதலிய ஊர்களிற் கண்ணகியம்மன் வழிபாடு இன்றும் சிறந்து விளங்குகின்றது. வைகாசித் திங்களில் நிகழும் சடங்கிலும் குளிர்த்தியிலும் அத்தாயின் வழக்கு ஆண்டுதோறும் நினைக்கப்படுகின்றது. சித்திர வேலாயுத சுவாமி கோயிலாற் பெயர் பெற்ற திருக்கோவில் முதல், தமிழ்பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் அக்கரைப்பற்று, கல்முனை ஈறாக உள்ள கரையோரத்து மக்கள், காவலருக்கு எதிரான முறையீட்டைக் காப்பியத்தில் மட்டும் அறிந்தவரல்லர். தம் வாழ்விலும் அறிந்தவர். ஆதலின், குடிமக்களின் முறையீடுகளும் பொலிசாரின் ஒழுக்காற்று ஏடுகளும் இந்நாட்டில் எவ்வாறு வளர்ந்தன, எங்கே தடைப்பட்டன என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

சென்னையில் எழுந்த முதல் விசாரணை

தமிழ்நிலத்திலே அரச சேவகரின் கொடுமை பற்றிக் குடிமக்கள் கூறிய முறைப்பாடுகளைப் பெருந்தொகையாகப் பதிந்த முதற்பெரும் ஆவணம் 1855ஆம் ஆண்டின் சென்னைச் சித்திரவதை ஆணைக்குழுவின் அறிக்கையாகும். அக்காலத்திற் கிழக்கிந்தியக் கும்பனியாரின் ஆட்சியில் வரி தண்டும் தாசில்தாரே பொலிசு அதிகாரத்தையும் உடையவராயிருந்தார். வரி கொடாதவனையும் களவிற் சந்தேகிக்கப்பட்டவனையும் ஒரே கை வதைத்தது. எலியட், ஸ்ரோக்ஸ், நோட்டன் என்னும் மூவரைக் கொண்ட அவ்வாணைக்குழுவின் முன் 1,959 முறைப்பாடுகள் வந்தன.

வதை நிகழ்ந்தது என்பதை நிறுவியதோடு அவ்வறிக்கை அமையவில்லை. துன்புற்றவன் பரிகாரம் பெறுவதில் எதிர்ப்பட்ட இடர்ப்பாடே தங்களை மிக வருத்தியது என ஆணையாளர் கருதினர். எவருக்கு எதிராக முறையிட வேண்டுமோ அவரிடமே முறையிட வேண்டியிருந்தமைதான் அவ்விடர்ப்பாட்டின் வேர். இதன் பயனாக 1859இற் சென்னை இராசதானியிலே வரித்துறையினின்றும் பொலிசு வேறாக்கப்பட்டது. பொலிசாரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை வழக்கிற் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் விதியும் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் அவ்விதியைத் தழுவிக்கொண்டது. காவலனை நியமித்த அரசே அவன் முன் சொல்லப்பட்ட ஒப்புதலை ஐயுற்றது என்பது கருதத்தக்கது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதலை ஏற்றுக்கொண்டு, அப்பழைய காப்பினைத் தளர்த்தியது.

விதானையும் பொலிசும்

இலங்கையிற் பொலிசு 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்பட்டது. மறுவருடம் பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியிற் பணிபுரிந்த காம்பெல் என்பார் தலைமை ஏற்க வந்தார். எனினும் நாட்டுப்புறங்களில், சிறப்பாக மட்டக்களப்புப் பகுதியில், நெடுங்காலம் அமைதி காத்தவர் சீருடைப் பொலிசார் அல்லர். பொலிஸ் விதானை என வழங்கப்பட்ட ஊர்த்தலைமைக்காரரே. விதானை ஊரவர், ஊரின் மொழி பேசுபவர். அவர் தவறிழைப்பின் முறையீடு உடையாருக்கும் வன்னிமைக்கும், இறுதியிற் கச்சேரியில் இருந்த அரசாங்க அதிபருக்கும் சென்றது. செல்வாக்குடையார் பக்கம் சாயும் குறை அம்முறையில் இருந்ததெனினும், முறையீடு கேட்பவன் முறையிடுபவனின் சொல்லை அறிந்திருந்தான். 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1961இல், மட்டக்களப்பினின்றும் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. இவ்வாறாக ஒரே காலப்பகுதியில் திருக்கோவிற் பகுதி மக்களுக்கு நிருவாக எல்லையும் மாறியது. காவலின் முகமும் மாறியது.

அதே காலத்தில் மொழியும் மாறியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகருமமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கியது. அதனாற் பாதிக்கப்பட்டோர் தமிழர் மட்டுமல்லர். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய ஊர்களின் முஸ்லிம் மக்களும் ஒரே தாய்மொழியினராதலின் ஒரே இடர்ப்பாட்டை எய்தினர். தமிழிற் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டது; சொன்னவன் தான் வாசிக்க இயலாத தாளிற் கையொப்பமிட்டான்.

சட்டம் இதனை அறியாதிருக்கவில்லை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், வாய்மொழியாகத் தரப்படும் தகவலைச் சொன்ன மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டல் வேண்டும் என்கின்றது. அஃது இயலாதவிடத்து அவரையே எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும். அதுவும் இயலாதெனின் காரணத்தைக் குறித்து, வேறு தேசிய மொழியில் எழுதி, மொழிபெயர்த்து விளக்கல் வேண்டும். 1988இல் அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம், வடக்கு கிழக்கு மாகாணங்களிற் பொதுப் பதிவேடுகள் தமிழிற் பேணப்படல் வேண்டும் என விதித்தது. திருக்கோவிற் பொலிசு நிலையத்து ஏடு சட்டப்படி தமிழ் ஏடாதல் வேண்டும். ஆயினும், 2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் அறிக்கை, பொலிசு நிலையங்களில் இருபத்துநான்கு மணிநேரமும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும் என்று விதந்துரைக்க நேர்ந்தது. சட்டம் தந்ததை நடைமுறை தரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தீர்ப்பும் பதவி உயர்வும்

முறையீடு எழுதப்படுவது முதற்படி. அது மெய்யென நிறுவப்பட்டபின் உத்தியோகத்தரின் சேவைக்கோவையில் அஃது என்னவாக நின்றது என்பதே வரலாறு கேட்கும் வினா. இவ்வினாவுக்கு விடைகாண, ஒழுக்காற்று அதிகாரம் கைமாறிய வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

சோல்பரி அரசியலமைப்பின் கீழ் அரச ஊழியரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவை அரசாங்க சேவை ஆணைக்குழுவின் பொறுப்பில் இருந்தன. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு அவ்வதிகாரத்தை மந்திரிசபைக்கு மாற்றியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அதனை மந்திரிசபையிடமே விட்டு, ஆணைக்குழுவுக்குக் கையளிக்கும் முறையை மட்டும் வகுத்தது. அதே அரசியலமைப்பு, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு திங்களுக்குள் நேரே உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்னும் அரிய வழியையும் திறந்தது. ஒரு கையால் நீதிமன்றின் கதவு திறக்கப்பட்டது. மறு கையால் ஒழுக்காற்று ஏடு அரசியல்வாதிகளிடம் கொடுக்கப்பட்டது. இவ்விரண்டும் மோதும் நாள் விரைவில் வந்தது.

1982 டிசம்பரில் நடைபெற்ற பொதுசன வாக்கெடுப்பின்போது, மதகுருமார் அமைப்பொன்றின் துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் கைப்பற்றினார். 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அச்செயலைப் பேச்சுரிமை மீறலாகக் கண்டு 10,000 ரூபா நட்டஈடு விதித்தது. அத்தொகை அரசாங்கப் பணத்திலிருந்து செலுத்தப்பட்டது; அத்தியட்சகர் பதவி உயர்வு பெற்றார். அதே ஆண்டு மார்ச் 8ஆம் திகதி, அனைத்துலக மகளிர் தினத்தன்று, முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் விவியன் குணவர்தனா கைது செய்யப்பட்டமை சட்டவிரோதமானதென யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அக்கைதுக்குப் பொறுப்பான உப பொலிஸ் பரிசோதகரும் பதவி உயர்வு பெற்றார். தீர்ப்பு வழங்கிய நீதியரசர்களின் வீடுகளின் முன்னே கும்பல்கள் கூடிக் கூச்சலிட்டன. பொலிசாரின் மனவுறுதி குன்றாதிருத்தற்காகவே இவ்வுயர்வுகளுக்குத் தாம் ஆணையிட்டதாக அந்நாட் சனாதிபதி ஜெயவர்த்தனா பின்னர் ஒப்புக்கொண்டார்.

இந்நிகழ்ச்சிகளின் உட்பொருளை ஆழ்ந்து நோக்குதல் தகும். நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு அதிகாரியின் கோவையில் ஒரு குறையாகப் பதிய வேண்டியது. அதற்கு மாறாக அது தகுதிச் சான்றாகவே நின்றது. முறையிட்டவள் வழக்கில் வென்றாள்; முறையிடப்பட்டவன் வாழ்வில் வென்றான். கீழுள்ள காவலன் இதனைக் கண்டு கற்ற பாடம் எளியது: சட்டத்துக்கு அஞ்ச வேண்டுவதில்லை, தன்னை உயர்த்துபவருக்கு அஞ்சினாற் போதும்.

கரையோரத்தின் துயர்

1983க்குப் பின் எழுந்த போர்க்காலத்தில் இக்குறை உயிர்க்கேடாயிற்று. விசேட அதிரடிப்படை கிழக்கிலே நிலைகொண்டது. காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 1994இல் அமைக்கப்பட்ட மூன்று சனாதிபதி ஆணைக்குழுக்களுள் ஒன்று வடக்கு கிழக்குக்கு உரியது. அதன்முன் தாயரும் மனைவியரும் கூறியவற்றுட் பல, முதலிற் பொலிசு நிலையத்திற் சொல்லப்பட்டு ஏற்கப்படாத முறைப்பாடுகளே.

முறையிடுவதே ஆபத்தாகும் நிலைக்கு அம்பாறை மாவட்டம் தந்த கொடிய சான்று 1997 மே மாதத்தில் மத்திய முகாம் பகுதியில் நிகழ்ந்த ஒரு தாயின் கொலையாகும். பொலிசார் நால்வர் அவரை வன்கொடுமைக்குள்ளாக்கிக் கைக்குண்டு வெடிக்கச் செய்து கொன்றனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. தம் மரங்களைப் பொலிசார் களவாடினர் என்று அவர் முன்னமே மேலதிகாரியிடம் முறையிட்டிருந்தார் என்றும், அதன்பின் அவர்களால் தொல்லைக்கு ஆளானார் என்றும் அக்கால மனித உரிமை அறிக்கைகள் கூறின. மரக்களவு பற்றிய முறைப்பாடு சிறிய முறைப்பாடு. அதனைக் கேட்டவுடன் சுயாதீனமாக விசாரிக்கவும் முறையிட்டவரைக் காக்கவும் ஓர் அமைப்பு இருந்திருப்பின் அதன் பயன் எத்தகையதாயிருந்திருக்கும் என எண்ணிப்பார்த்தல் கடனாகும்.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் கூறாதொழிதல் வரலாற்றுக்கு இழுக்கு. 1990 யூன் மாதத்திற் கிழக்கின் பொலிசு நிலையங்களைக் கையளிக்குமாறு விடுதலைப் புலிகள் கேட்டபோது, மேலிடத்துப் பணிப்பின்படி சரணடைந்த பொலிசாரிற் பல நூற்றுவர் கொல்லப்பட்டனர். அக்கொலைக்களங்களுள் ஒன்றாகத் திருக்கோவிலை அடுத்த ரூபஸ்குளம் பெயர் பெற்றது. அவர்களுட் சிங்களரும் முஸ்லிம்களும் இருந்தனர். சரணடையுமாறு பணித்தவர் யார் என்ற அவர்தம் குடும்பத்தினரின் வினாவும் விடைபெறாத முறையீடுகளுள் ஒன்றே. சீருடையணிந்தவனும் அநீதிக்கு ஆளாகும்போது குடிமகனைப் போன்றே வாயிலின்றி நிற்கின்றான்.

ஆணைக்குழு தோன்றியதும் தேய்ந்ததும்

பொலிசைச் சீர்திருத்தும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1946இற் சோட்ஸ் ஆணைக்குழுவும், 1970இற் பஸ்நாயக்கா ஆணைக்குழுவும், 1995இல் ஜயலத் குழுவும் ஆராய்ந்து அறிக்கைகள் தந்தன. இறுதியில், 2001 அக்டோபரில் நிறைவேறிய 17ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைத் தோற்றுவித்தது. பொலிஸ் மா அதிபர் நீங்கலாக ஏனைய உத்தியோகத்தரின் நியமனம், உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று, பணிநீக்கம் ஆகியவை அதன் கையிலாயின. பொதுமக்களின் முறைப்பாடுகளைக் கேட்டு விசாரிக்கும் நடைமுறை ஒன்றை வகுப்பதும் அதன் கடமையெனப்பட்டது. முறையீட்டையும் ஏட்டையும் ஒரே சுயாதீனமான கையிற் சேர்த்தமையே அத்திருத்தத்தின் சிறப்பு.

எனினும் 2002 நவம்பரில் அமைந்த முதல் ஆணைக்குழு, நிலையப் பொறுப்பதிகாரிகள் நீங்கலாகக் கீழ்நிலை உத்தியோகத்தரின் ஒழுக்காற்றைப் பொலிஸ் மா அதிபருக்கே கையளித்தது. அக்கையளிப்பைப் பின்னர் மீளப் பெற முனைந்த வேளையில் அதன் காலம் 2005 நவம்பரில் முடிவுற்றது. 2006இல் அரசியலமைப்புப் பேரவையின்றிச் சனாதிபதியே உறுப்பினரை நேரே நியமித்தார். முறைப்பாட்டு விதிகள் 2007 சனவரியிலேதான் வர்த்தமானியில் வெளிவந்தன. 2010இன் 18ஆம் திருத்தம் ஒழுக்காற்று அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, முறைப்பாடு கேட்கும் பணியை மட்டும் ஆணைக்குழுவுக்கு விட்டது. செவி இருந்தது, கை இல்லை. 2015இல் 19ஆம் திருத்தம் கையைத் திருப்பித் தந்தது. 2020இன் 20ஆம் திருத்தம் உறுப்பினர் நியமனத்தை மீண்டும் சனாதிபதியின் விருப்பத்துக்குள் கொணர்ந்தது. 2022இன் 21ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை மீட்டது. இருபத்தோராண்டில் ஐந்து திருத்தங்கள். சட்டத்தைத் திருத்துவது எளிது. திருத்தியதை நிலைநிறுத்துவது அரிது என்பதற்கு இது சான்று.

இவ்விடைக்காலத்தில் நீதிமன்றம் வாளாவிருக்கவில்லை. 2002இல் வத்தளைப் பொலிசார் ஆள்மாறாட்டத்தாற் கைதுசெய்து வதைத்த சமையற்காரர் ஒருவரின் வழக்கில், 2003இல் உயர் நீதிமன்றம் 800,000 ரூபா நட்டஈடு விதித்தது. வதை பற்றிய முறைப்பாடுகள் குறையவில்லை என்பதையும், பொலிஸ் மா அதிபர் நெடுங்காலம் தக்க பணிப்புரை விடுக்கத் தவறின் அத்தவறே உடன்பாடாகக் கொள்ளப்படலாம் என்பதையும் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ சுட்டிக்காட்டினார். கோவலன் கொலைக்குக் கோலேந்தியவனே பொறுப்பாளி என்ற பழைய கோட்பாட்டின் சட்ட வடிவமன்றோ இது! ஆயினும் அச்சமையற்காரர் 2004 நவம்பரில், வதைக் குற்ற வழக்கிற் சாட்சி சொல்லுமுன்னரே, சுட்டுக் கொல்லப்பட்டார். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வதைக்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை விதிக்கின்றது. சாட்சி உயிரோடிருந்தாலன்றி அச்சட்டத்துக்கு உயிரில்லை.

நாற்பதாண்டு கழிந்தபின்

அண்மைக்கால நிகழ்ச்சியொன்று 1983உடன் ஒப்பிடத்தக்கது. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாட் படைவீரர் ஒருவரை வதைத்தமைக்குப் பொறுப்பானவர்களுள் ஒருவராக, அப்போது பதிற் பொலிஸ் மா அதிபராயிருந்த தேசபந்து தென்னக்கோனைக் கண்டது. 500,000 ரூபா நட்டஈடு செலுத்துமாறு பணித்து, ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்குமாறு பொலிஸ் ஆணைக்குழுவையும் பணித்தது. ஆயினும் 2024 பெப்ரவரியில் அவரே பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். இதுவரை கதை 1983இன் கதையே. அதற்குமேல் அது வேறு வழிச் சென்றது. 2024 யூலையில் உயர் நீதிமன்றம் அவரைப் பதவியிற் செயலாற்றாது தடுத்தது. நீதியரசர் தலைமையிலான மூவர் குழுவின் விசாரணைக்குப்பின் 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. எதிர்வாக்கு ஒன்றும் இல்லை.

1983இல் அதிகாரிகள் பதவி உயர்ந்தனர், 2025இல் அதிகாரி பதவி இழந்தார். இவ்வேறுபாடு சிறிதன்று. எனினும் உச்சியில் இருந்த ஒருவர் விழுந்தமையால் அடித்தளம் திருந்திற்றெனக் கொள்வது தவறு. நாடறிந்த அதிகாரியின் வழக்கிற்கு நாட்டின் கண்கள் காவலாயின. திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ பெயரறியாத கூலியாள் ஒருவர் செய்யும் முறைப்பாட்டிற்கு அத்தகைய காவல் இல்லை.

அந்நிலையத்தின் உள்ளே நிகழ்ந்த ஒரு துயரமும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2021 டிசம்பர் 24ஆம் திகதி திருக்கோவிற் பொலிசு நிலையத்திற் சாஜன் ஒருவர் தம் சக உத்தியோகத்தர் மீது சுட்டதில் நால்வர் இறந்தனர். விடுமுறை தொடர்பான மனக்குறையே காரணம் எனச் செய்திகள் கூறின. அக்கொலைக்கு எக்குறையும் நியாயமாகாது. எனினும் தன்னுள் எழும் குறையைக் காலத்தில் அறிந்து தீர்க்கும் முறை ஒரு துறைக்கு இன்றியமையாதது. தன் வீட்டுக் குரலைக் கேளாத செவி வெளியார் குரலை எங்ஙனம் கேட்கும்?

முடிபு

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் உண்மை ஒன்றே. முறையிடும் உரிமை இந்நாட்டு மக்களுக்குப் பலமுறை வழங்கப்பட்டது. முறையீட்டின் முடிபைத் தாங்கும் ஏடு மட்டும் முறையிடப்பட்டவர் கையிலோ அவரை ஆள்பவர் கையிலோ தங்கிவிட்டது. 1855இற் சென்னை ஆணையாளர் கண்ட நோயும் இதுவே. இந்தியாவில் 2006இல் உச்ச நீதிமன்றம் மாநிலந்தோறும் பொலிசு முறைப்பாட்டு அதிகாரசபை அமைக்குமாறு பணித்ததும் அந்நோய்க்கான மருந்து தேடியே.

மருந்தும் மறைவானதன்று. முறைப்பாடு சொன்னவரின் மொழியில் எழுதப்பட்டு அவருக்கு ஒரு படி கொடுக்கப்படல் வேண்டும். விசாரிப்பவர் அந்நிலையத்தவராகவோ அவர்தம் மேலதிகாரியாகவோ இருத்தல் ஆகாது. நிறுவப்பட்ட குற்றம் அதிகாரியின் கோவையிற் பதியப்பட்டு, அடுத்த உயர்வு கருதப்படும்போது முதலில் வாசிக்கப்படல் வேண்டும். முறையிட்டவர் வழக்கு முடியும்வரை காக்கப்படல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமும், கல்முனையில் இயங்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் கரையோர மக்களுக்குக் கிடைத்துள்ள கருவிகள். கருவி துருப்பிடியாதிருப்பது பயன்படுத்துவோரைப் பொறுத்தது.

நேர்மையான பொலிசு உத்தியோகத்தருக்கு இவற்றால் இழப்பு ஒன்றுமில்லை, ஆக்கமே உண்டு. பொய்ம் முறைப்பாட்டினின்று அவரைக் காப்பதும் அதே விசாரணை. தீயோரோடு அவரை ஒன்றாக எண்ணாதவாறு பிரித்துக் காட்டுவதும் அதே ஏடு. மக்கள் வாசிக்கத்தக்க மொழியில், மக்கள் நம்பத்தக்க கையில் அவ்வேடு இருக்கும் நாளிலேதான் பொலிசு நிலையத்தின் படியில் ஏறும் குடிமகன் அச்சமின்றி ஏறுவான்.